வாக்குத்தத்த வசனமே பாஸ்வேர்டு

இராஜபாளையம்,
சனிக்கிழமை

அன்புள்ள ஆல்வின் அண்ணனுக்கு,

வைஃபையால்தான், அண்ணே. அப்பா ஆலயத்துக்குப் போகாததற்கு முட்டுவலி காரணமில்லை. நீ போனில் கேட்டபோது அவர் பக்கத்திலேயே இருந்தார். அதனால் எழுதுகிறேன். முதலில் சுகம் விசாரிப்பதுதான் முறை: நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நீயும் அண்ணியும் மஸ்கட்டில் அந்த அளவுக்காவது இருக்கக் கர்த்தர் உதவட்டும்.

போன மாதம் கண்ணுச்சாமி ஏட்டு வீட்டுக்கு வந்தார். நம் சபைச் செயலாளர் கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடித்துக் கார் நிறுத்த இடம் போடப் போகிறார் என்று திருச்சபை மேலிடத்துக்கு மொட்டை மெயில் போயிருக்கிறது. ஒன்றல்ல, பல. செயலாளர் போலீசில் புகார் கொடுத்துவிட்டார். அனுப்பிய இடம் நம் வீட்டு இணைப்பு.

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும், அய்யா?"

"சபைக்கே தெரியும், சார்."

"அதென்ன, தெருக் குழாயா?"

அப்பா சுவரைக் காட்டினார். புது வருஷ ஆராதனையில் எல்லா வீட்டுக்கும் கொடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டை. அதிலுள்ள அதிகாரமும் வசன எண்ணும்தான் பாஸ்வேர்டு. நம் வீட்டில் மட்டுமல்ல. சபையில் எல்லா வீட்டிலும். மறக்காது, ஆசீர்வாதமும் ஆச்சு என்று யாரோ ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஒரே இரவில் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், ஒரே பாஸ்வேர்டுக்கு.

அப்பாவுக்குத் தமிழில் டைப் அடிக்கத் தெரியாது என்று நான் ஏட்டிடம் சொன்னேன். மெயில்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஏட்டு நம்பினார். சபைக் கமிட்டி நம்பவில்லை. விசாரணை முடியும்வரை அப்பா சபை அங்கத்தினர் இல்லை. அங்கத்தினர் இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. அம்மாவுக்குப் பக்கத்து இடம், அண்ணே. அதைச் சொல்லச் செயலாளரே நேரில் வந்தார். காப்பி குடித்தார்.

"அதுவரைக்கும் செத்துகித்துப் போயிறாதீங்க, அண்ணாச்சி. எங்களுக்குச் சங்கடம்."

அப்பா சரி என்று தலையாட்டினார்.

வேறு யாரோ நம் வைஃபையில் ஏறித்தான் இதைச் செய்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இங்கே ரூட்டர் விற்பவர்கள் கமிட்டிக்காரர்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் பெயர் ஜெயபாண்டி. ஆன்டெனாவுக்கு அவர் பாஷையில் கொம்பு.

"எத்தனை கொம்பு வேணும்க்கா? இது நாலு கொம்பு. தெருமுக்கு வரைக்கும் எடுக்கும்."

"தெருவுக்கே எட்டக் கூடாது."

"எல்லாரும் எட்டலைன்னுதான் வருவாக. எட்டக் கூடாதுன்னு வந்தது நீங்க ஓராள்தான். பேய் பயமா, ஆள் பயமா?"

"ஆள்."

"அப்ப ரெண்டு கொம்பு போதும். பூட்டு புதுசு, டபிள்யூபிஏ த்ரீ. அப்டேட்டும் தானா வரும்."

வந்து மாட்டினேன். ஜன்னலோரம் இருந்ததை நடு அறைக்குக் கொண்டுவந்து, பழையதில் கம்பெனி போட்டுக் கொடுத்தபடியே கிடந்த அட்மின் பாஸ்வேர்டு மாதிரி இதிலும் கிடக்கவிடாமல் அதை மாற்றி, அமுக்கினால் யாரையும் சேர்த்துக்கொள்ளும் பொத்தானை அணைத்து, வீச்சைக் குறைத்து, அர்த்தமே இல்லாத நீண்ட எழுத்துக்கோவை ஒன்றைப் பாஸ்வேர்டாகப் போட்டு முடித்தபோது அப்பா அதை வாசித்துப் பார்த்தார்.

"ஒரு அர்த்தமும் இல்லையே, தாயி."

"அர்த்தம் இருந்தா கண்டுபிடிச்சிருவாங்கப்பா."

"அர்த்தமில்லாதத நம்பி இருக்கச் சொல்லுதியா?"

அதை ஒரு தாளில் எழுதி அவர் பைபிளுக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக் கிருபாபாய் சித்தி கையில் போனோடு வந்தாள்.

"ஏட்டி பியூலா, வசனத்தப் போட்டா ஏற மாட்டேங்குது! அங்கத்தினர் இல்லைன்னதும் விசுவாசத்தையே விட்டுட்டீயளா?"

அன்றிலிருந்து சித்தி பேசுவதில்லை. தெருவில் பாதிப் பேர் பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. பாதுகாப்பு என்பது இதுதான் போல.

நீ கவலைப்படாதே. இனி நம் அனுமதியில்லாமல் இங்கிருந்து ஒரு சொல்கூட வெளியே போகாது. மெயில் நின்றுவிட்டால், அல்லது வேறு வீட்டிலிருந்து போனால், அப்பா குற்றமற்றவர் என்று கமிட்டி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவருக்கு அவர் இடம் திரும்பக் கிடைக்கும். அண்ணிக்கு என் அன்பு. குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். கர்த்தர் உங்கள் கதவைக் காக்கட்டும்.

உன் தங்கை,
பியூலா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாருடனோ நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"சுவரோரக் கடைசி வரிசையில் என் மனைவி. அழி. என் மனைவி அழி. ஒரு சகோதரி படுத்திருக்கிறார். புள்ளி."

திறந்தேன். மடியில் டேப்லெட். பேசப் பேச அதுவே எழுதிக்கொண்டிருந்தது.

"டைப் அடிக்கத் தெரியாதுன்னு சொன்னது நீதான்," என்றார். "நான் சொல்லல."

கிட்டப் போய்த் திரையை வாசித்தேன். மேலிடத்துக்கு இன்னொரு மெயில்.

"சுவர இடிச்சா மொத டயரு அவ மேலதான் ஏறும், பியூலா. பேரப் போட்டா எனக்கு எடமில்ல. எழுதாம விட்டா அவளுக்கே இல்ல."

காப்பியை வைத்துவிட்டு டேப்லெட்டை வாங்கினேன். 'ஒரு சகோதரி' என்பதை அழித்து 'என் மனைவி' என்று போட்டேன். கீழே அவர் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என்னுடையதை. அனுப்பினேன்.