மகிளா ரைத்துக்கு நியாயம்

முதலீடு செய்பவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "வட்டி எவ்வளவு?" என்று சித்தூர் தொடங்கித் திருப்பதி வரை நம்பப்படுகிறது. இது பெரும் பிழை. முதல் கேள்வி, "என் பணம் போய் யார் கிணற்றைக் கெடுக்கும்?" என்பதே. இரண்டாவது, "யார் வயிற்றில் அடிக்கும்?" வட்டி மூன்றாவதாக வரலாம், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.

நான் நகரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயங்களில் உறுதியாக இருந்தேன். ஓய்வுப் பணத்தை அழுக்கான தொழிலில் போடுவதில்லை. காலை எட்டு மணிக்கு முன் எழுவதில்லை. முதலாவதை என் மனைவி அலர்மேல்மங்கை பொறுத்துக்கொண்டாள்.

"அவனவன் விடியறதுக்குள்ள வேலைக்குப் போய்க்கினு இருக்கான். நீங்க பத்து மணி வரைக்கும் ஹாலை அடைச்சிக்கினு படுத்திருந்தா நான் எப்பங்க பெருக்கறது?"

"எட்டு மணி."

"முழிக்கறது எட்டு. பாயை விட்டு நகர்றது பத்து."

நான் வீட்டிலும் அச்சுத் தமிழில்தான் பேசுவேன். அதனால் வாதத்தில் தோற்றாலும் பிழையில்லாமல் தோற்பேன்.

சாயப்பட்டறை, மதுக்கடை, மணல் லாரி என்று வந்த யோசனைகளை எல்லாம் நிராகரித்த பிறகு வரதராஜன் வந்தான். விசிறிக்குக் கீழே தூங்குவதற்காகவே என் நூலகத்தில் உறுப்பினரானவன். இப்போது விஜயபுரம் பக்கம் சோலார் பலகை நட்டு மின்சாரம் விற்கப் போகிறானாம். புகை இல்லை, கழிவு இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

"நிலம் யாருடையது?"

"குத்தகைக்கு சார். ஒரு மகிளா ரைத்துது. பேரு வந்து..."

"சொல்லாதே."

"இல்ல சார், உங்களுக்கே..."

"பெயர் தெரிந்தால் இரக்கமோ வெறுப்போ வந்துவிடும். பொறுப்புள்ள முதலீட்டாளனுக்கு இரண்டும் ஆகாது. மகிளா ரைத்து, அதாவது ஒரு பெண் விவசாயி. அது போதும்."

வரதராஜன் என்னைப் பார்த்தான். சமையலறைப் பக்கம் பார்த்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

மதியச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"பாவங்க அந்தப் பொம்பள," என்றாள் அலர்மேல்மங்கை, குழம்பு ஊற்றிக்கொண்டே. "ஏக்கராவுக்கு இன்னா தராங்களாம்?"

"முப்பதாயிரம்."

"துன்னவே பத்தாது. பணம் போடறது நீங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தான ஆவணும்?"

நாற்பதாக்கினேன். மறுநாள் வேறொன்று.

"பலகைக்குக் கீழ அவ ஆட்டை மேய விடட்டுமே. புல்லும் அடங்கும்."

சேர்த்தேன்.

"ஓரத்துல இருக்கற புளியமரத்தை வெட்டிடப் போறானுங்க."

"புளியமரம் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?"

"விஜயபுரத்துல புளியமரம் இல்லாத ஓரம் ஏதுங்க?"

தர்க்கம் சரியாக இருந்தது. மரத்தைக் காப்பாற்றினேன்.

கடைசி நிபந்தனை மட்டும் முழுக்க என் படிப்பிலிருந்து வந்தது: நிலம் கொடுத்தவர் வீட்டில் வேலையில்லாத ஒருவருக்கு அந்த இடத்திலேயே வேலை தர வேண்டும். இதைக் கேட்டதும் அலர்மேல்மங்கை எனக்கு இன்னொரு அப்பளம் வைத்தாள்.

"கட்டுப்படியாவாது சார்," என்றான் வரதராஜன். "உங்க லாபந்தான் குறையும்."

"குறையட்டும். நியாயம் முக்கியம்."

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வெள்ளை வேட்டியில் போனேன். கண்ணீர் மல்கும் ஓர் ஏழைப் பெண்ணுக்குச் சொல்ல இரண்டு ஆறுதல் வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஆட்டோ வந்து நின்றது. மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையில் அலர்மேல்மங்கை இறங்கினாள்.

"நீ எதற்கு வந்தாய்?"

"கையெழுத்து போட."

"எதில்?"

"எங்க நைனா எனக்குக் கொடுத்த நெலத்துல. கல்லாங்காடு, வித்துடு வித்துடுன்னு கல்யாணம் ஆன நாளா சொல்லிக்கினு இருந்தீங்களே, அதேதான். ஒரு தபா வந்து பார்த்திருந்தா புளியமரம் தெரிஞ்சிருக்கும்."

ஆறுதல் வாக்கியங்கள் இரண்டும் வீணாயின. வரதராஜனைப் பார்த்தேன்.

"நான் சொல்ல வந்தேன் சார்."

உள்ளிருந்து குமாஸ்தா, "மகிளா ரைத்து எவரம்மா?" என்றார். என் மனைவி கையைத் தூக்கினாள். நான் அவள் காதருகே குனிந்தேன்.

"குத்தகையைப் பழையபடி முப்பது என்று..."

"நேத்து வரைக்கும் நியாயமா இருந்தது இன்னிக்கு இன்னாத்துக்குங்க மாறுது?"

கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடும்போது வரதராஜன் தொண்டையைச் செருமினான்.

"கடைசி ஷரத்து ஒண்ணு இருக்கே மேடம். உங்க வீட்டுல வேலையில்லாம யாரு இருக்கறாங்க?"

குமாஸ்தா உட்பட எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பலகைகள் நட்டாயிற்று. வெயில் ஏறுவதற்குள் தூசி துடைத்துவிட வேண்டும். விஜயபுரம் பஸ் ஐந்தே முக்காலுக்குப் புறப்படுகிறது.