நான்காவது விசில்

பேய்ப் படம் எடுப்பவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வயசுப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வயசுப் பிள்ளைகள் எதற்கும் பயப்படுவதில்லை. பயமெல்லாம் பெற்றவர்களுக்குத்தான். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன் (மழை, நாளை விடுமுறை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்கள்). அப்படிப்பட்ட என்னைப் பேய்ப் படம் பார்க்க முதல் வரிசையில் உட்கார வைத்தது என் மகளின் தவறு என்றுதான் இன்றுவரை வாதாடி வருகிறேன். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

மகள் பெயர் அபிராமி. அப்போது பிளஸ் டூ. மட்டாஞ்சேரியில், சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் எங்கள் வீடு. அவளுடைய மீடியா வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பதின்வயதுக்காரர்களுக்கான பேய்ப் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுக்க வேண்டும். அதைப் பெற்றோர் முன்னால் போட்டுக் காட்டி, எந்த உத்தி பார்ப்பவரை என்ன செய்கிறது என்று விளக்க வேண்டும்.

இதில் அபியின் வாழ்க்கையே அடங்கியிருந்தது. எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் சினிமா படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதே ஊர் பிராட்வேயில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் கணவருக்கு பி.காம். தவிர வேறு படிப்பு இருப்பதே தெரியாது. கடைசியில், "படத்தைப் பார்க்கிறேன். பார்த்துட்டுச் சொல்றேன்" என்று இறங்கி வந்தார். தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கதை கேட்கிற மனிதர் அவர். அவரை அழைத்து வந்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

"அப்பாவை நீ பார்த்துக்கோ அம்மா. ஒரு வார்த்தை மிண்டக் கூடாது" என்றாள் அபி.

"நீ கவலைப்படாதே. நானிருக்கேன்" என்றேன். (நானிருக்கேன்!)

அதன்பின் ஒரு மாதம் வீடு வீடாக இல்லை. பட்டப்பகலில் ராத்திரி வேண்டும் என்று ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் ஒட்டினாள். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று அணைத்தாள். திரும்பப் போட மறந்தாள். மீன் குழம்பு போயிற்று. கேமராவைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு, "கீழேருந்து எடுத்தா வீடே ஆள்மேல சாயிற மாதிரி இருக்கும்" என்றாள். நான் தடுக்கி விழுந்தேன். வீடு சாயவில்லை.

பாடம் கேட்க ஆள் வேண்டுமே? நான்தான் அகப்பட்டேன். வெண்டைக்காய் நறுக்கும்போதுகூட வகுப்பு நடக்கும்.

"அம்மா, ஆளை ஓரமா நிக்க வச்சு, பின்னாடி வாசலைக் காலியா விடணும். அப்போ பார்க்கிறவங்க கண்ணு தானா அங்கே போகும். ஏதோ வரப் போகுதுன்னு அவங்களே பயந்துப்பாங்க."

"வரலேன்னா?"

"அதான் இன்னும் பயம்!"

அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போதெல்லாம் எனக்குப் பின்னால் வாசல் காலியாக இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பேயாக நடித்தது அவள் வகுப்புத் தோழி ஃபாத்திமா. முகத்தில் பூசியது எங்கள் வீட்டு மைதா. போர்த்தியது என் வெள்ளைப் படுக்கை விரிப்பு. ஆக, அந்தப் படத்தில் எனக்குத் தெரியாத ரகசியம் எதுவுமில்லை என்று நினைத்தேன். ஒலியை மட்டும் அவள் எனக்குப் போட்டுக் காட்டவில்லை.

படம் காட்டும் நாளும் வந்தது. வழக்கம்போல, கேஸை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மழை. கையில் நீளக் குடை. பள்ளி ஹாலில் நாற்காலிகளுக்கு நடுவே மேசை போட்டு புரொஜெக்டரை வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் கணவரை உட்கார வைத்து, "வாயைத் திறந்தீங்கன்னா தெரியும்" என்று மிரட்டிவிட்டு நானும் உட்கார்ந்தேன். விளக்கை அணைத்தார்கள்.

திரையில் எங்கள் சமையலறை. அடுப்பில் என் குக்கர். முன்னால் அபி, காதில் இயர்போனோடு போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இசை எதுவும் இல்லை.

விசில் வந்தது.

அது என் குக்கர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். வெயிட் தேய்ந்து போனதால், விசில் முடிகிற இடத்தில் ஆஸ்துமாக்காரர் மாதிரி ஓர் இழுப்பு இழுக்கும். எங்கள் வீட்டுச் சட்டம் மூன்று விசில். மூன்றாவதில் யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் அணைக்க வேண்டும். அபி பிறந்ததிலிருந்து நான் கத்திக் கத்திச் சொல்கிற ஒரே சட்டம் அது.

இரண்டாவது விசில். அவள் அசையவில்லை. மூன்றாவது. கேமரா மெதுவாக அடுப்பின் நெருப்பை நோக்கிப் போனது. அவள் போனைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் வாசல் காலியாக இருந்ததாம். யார் கண்டது? நான் நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி, படம், மைதா எல்லாம் மறந்து போயிற்று.

நான்காவது விசில்.

"அபி! கேஸை அணைடீ, எருமை!"

கத்தியது நான்தான். கத்தியதோடு விட்டிருக்கலாம். எழுந்து அடுப்பை நோக்கி, அதாவது திரையை நோக்கி, ஓடினேன். புரொஜெக்டர் வெளிச்சம் முதுகில் விழ, கொண்டை அவிழ்ந்து, குடையை ஓங்கியபடி ஒரு பெண்ணின் பிரம்மாண்டமான கறுப்பு நிழல் திரை முழுவதும் எழுந்தது. குடை வெட்டுக்கத்தி மாதிரி தெரிந்ததாம். ஹாலே அலறியது. பின்வரிசையில் யாரோ நாற்காலியோடு சாய்ந்தார். நிழலைப் பார்த்து நானும் அலறினேன்.

விளக்கைப் போட்டார்கள். ஃபாத்திமாவின் பேய் வந்து போயே விட்டிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

"ஆன்ட்டி, ரெண்டு மணி நேரம் மைதா பூசிட்டு நின்னேன்" என்றாள் அந்தப் பெண், அழாத குறையாக.

அபி மேடையோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை. "கஷ்டம்" என்று மட்டும் சொன்னாள். அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது: அவளுடைய சினிமாப் படிப்பைக் குடையாலேயே அடித்துக் கொன்றுவிட்டேன். முதல் வரிசையில் கணவர், நான் சொன்னபடி வாயைத் திறக்காமல் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அது வேறு எரிச்சல்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "அபிராமி, இதையும் விளக்கணுமே. இது எந்த உத்தி?"

அபி மைக்கை எடுத்தாள்.

"பேய் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ஆனா குக்கரை எப்ப அணைக்கணும்னு இங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச விஷயம் நடக்கலேன்னா, மனசு யோசிக்கிறதுக்கு முன்னாடி உடம்பு எழுந்துடும். அதான் மியூசிக் போடல. மூணாவது விசிலுக்கு எல்லா அம்மாவும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. நான் இங்கேருந்து பார்த்தேன்." என் பக்கம் திரும்பினாள். "நாலாவதுக்கு யாராவது எழுந்திடுவாங்கன்னும் தெரியும். எங்கம்மாவா இருக்கும்னுதான் தெரியல."

ஹால் கைதட்டியது. கணவர் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "குக்கர் நம்ம கடையிலதுதான்" என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுச் சந்து வந்ததும் கணவர், "அபி, அந்தக் காலேஜ்ல எப்போ அட்மிஷன்னு விசாரிச்சு வை" என்றார்.

என்னால் நம்ப முடியவில்லை. "என்னங்க, திடீர்னு?"

"அந்த வெயிட்டை மாத்து, மாத்துன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன்? நீ இருந்த இடத்தை விட்டு எழுந்தியா? அவ எழுப்பிட்டாளே!"

அபி இப்போது அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள். வெயிட்டையும் மாற்றியாயிற்று. பழையது அவள் மேசையில் பரிசுக் கோப்பை மாதிரி இருக்கிறது. பேய்ப் படத்துக்குப் போனால் என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, குடையை முதலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். நான் சமையலறையில் பாத்திரத்தை டங்கென்று வைத்தால் போதும், அப்பாவும் மகளும் கூடத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது கேட்கும்.

"இப்போ எத்தனை விசில் ஆச்சு?"

"மூணு."

"சரி, குடையை ஒளிச்சு வை."