போன டப்பா திரும்பி வரும்

அந்த வாடகை மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளே தனிக் கூட்டமாகக் கிடந்தன. ஊரில் யாருக்கு எது தொலைந்திருந்தாலும் அவர்கள் அங்கே இருந்தார்கள். ஓடிப்போன மகன், பறிபோன வேலை, கப்பலேறிய மானம், எல்லாவற்றையும் டப்பா மகான் திருப்பிக் கொண்டுவந்து விடுவாராம். முன்வரிசையில் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தொலைந்தது ஒரு குடை.

மூன்றாம் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் கடிகாரம் பழுது பார்ப்பவள். பக்கத்தில் அவள் அக்கா. அக்காவின் காலடியில் தையல் மெஷின். இரண்டு வருஷத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் போன அத்தான் திரும்பி வர வேண்டுமானால், சோறு போடும் பொருளைக் காணிக்கையாக வைக்க வேண்டும் என்று மகான் சொல்லியிருந்தார். மகானுக்கு எதற்குத் தையல் மெஷின் என்று கேட்கக் கூடாது. கேட்டால் பலிக்காது.

"இதக் குடுத்துட்டா நாளைக்கு நீயும் பிள்ளைங்களும் என்னத்தச் சாப்பிடுவீங்க?"

"அவரு வந்துட்டா மெஷின் எதுக்குடி?"

அத்தான் வீட்டில் இருந்த காலத்திலும் அவருக்குச் சோறு போட்டது அந்த மெஷின்தான். 

மகான் எழுந்தார். சிவப்புக் காகிதம் ஒட்டிய உருண்டை பிஸ்கட் டப்பாவை, வரிசைகளுக்கு நடுவே வாசல் வரை விட்டிருந்த பாதையில் படுக்க வைத்து உருட்டிவிட்டார். டப்பா ஓடியது. வேகம் குறைந்தது. நின்றது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. டப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்த வழியே உருண்டு மகானின் காலடிக்குத் திரும்பியது. நூறு கைகள் ஒன்றாகக் குவிந்தன.

"கயிறும் இல்ல, காத்தும் இல்ல. எம்மேல இருக்கற பாசம் இழுக்குது," என்றார் மகான். "நான் கூப்பிட்டா போனது எதுவும் திரும்பும்."

கடிகாரக்காரி மகானைப் பார்க்கவில்லை. டப்பா நின்ற அந்த ஒரு நொடியைத்தான் பார்த்தாள். சாவி கொடுத்த சுருள்வில் எவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். முறுக்கை இறக்காமல் ஒரு கடிகாரத்தைத் திறந்ததற்கு அவள் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருந்தது. அவள் எழுந்து பாதைக்கு வந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். டப்பாவ நான் கொஞ்சம் மாத்தி வச்சா?"

"எப்படி வச்சாலும் எங்கிட்டதாம்மா வரும்," என்றார் மகான். வாய்தான் அவருக்கு எதிரி.

மறுபடியும் உருட்டினார். டப்பா ஓடி நின்றதுதான் தாமதம், அவள் இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்துத் தூக்கினாள். இடப்பக்க மூடி வலப்பக்கம் வரும்படி திருப்பி வைத்தாள். கையை எடுத்தாள்.

டப்பா மகானை விட்டு ஓடியது. அவர் கூப்பிட்டார். அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக வாசலுக்குப் போய்ச் செருப்புக் கூட்டத்தில் முட்டிக்கொண்டது.

"பாசம் இவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்டார்.

அவள் போய் அதை எடுத்து, மூடியைத் திறந்து காட்டினாள். மூடிக்கும் அடிப்பக்கத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டை. அதன் நடுவில் தொங்கிய இரும்பு நட்டு.

"டப்பா உருளும், கனத்துல தொங்கற நட்டு உருளாது. அதனால ரப்பர் முறுக்கிக்குது. ஓடின வேகமெல்லாம் எங்கயும் போயிடல, முறுக்கா உள்ள உக்காந்திருக்கு. அந்த முறுக்கு அவிழும்போது திரும்ப ஓட்டமா வெளிய வருது. திருப்பி வச்சா அந்தப் பக்கம் ஓடும்."

"இயக்க ஆற்றல்... நிலை ஆற்றல்," என்று முணுமுணுத்தார் வாத்தியார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். நல்லவேளை, அந்தப் பாடம் பரீட்சைத் தாளோடு நின்றுவிட்டது, இல்லாவிட்டால் மகான்கள் எப்படிப் பிழைப்பது?

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது மகான் நின்ற இடம் காலியாக இருந்தது. பின்வாசல் வழியாகப் போனவர் மட்டும் திரும்பி வரவில்லை.

அக்கா வெகுநேரம் அந்த ரப்பரையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெஷின இந்தப் பக்கம் ஒரு கை பிடிடி. நாளைக்கு ஆறு சட்டை தைச்சுக் குடுக்கணும்."

மூளையும் ஒரு நிலை ஆற்றல்தான் ஐயா. தலைக்குள் பூட்டியே வைத்திருந்தால் லாபம் மகான்களுக்கு. கொஞ்சம் ஓடவிட்டுப் பாருங்கள், தையல் மெஷினாவது மிஞ்சும்.