டு அட்டெண்டா, அட்டெண்டிங்கா?

சரோஜினி நகர், புதுதில்லி
1.12.1997

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களின் சமூகத்துக்கு மைத்துனன் நல்லசிவம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீட்டுக்காரி பவுனும் குளிருக்குப் பயந்து கம்பளிக்குள் கிடந்தாலும் சுகத்துக்குக் குறைவில்லை. பாளையங்கோட்டையில் தாங்களும் அக்காளும் கல்யாணப்பெண் மதுமதியும் அவ்வண்ணமே இருக்க நெல்லையப்பர் துணை.

லீவு கிடைத்ததா என்று கேட்டு அக்காள் கார்டுக்கு மேல் கார்டாகப் போட்டுவிட்டாள். நான் பதில் எழுதாதது திமிரால் அல்ல. வரும் பத்தாம் தேதி முகூர்த்தத்தில் தாய்மாமன் மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டும், அக்காளுக்கோ உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான், இது எனக்குத் தெரியாதா? லீவு கேட்டு எழுதிய ஒரே ஒரு வரியால் வந்த வினையைக் கேளுங்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கீழே இருப்பவன் எழுதியதைத் திருத்தாமல் மேலே இருப்பவர் கையெழுத்துப் போட மாட்டார். திருத்தாவிட்டால் அவர் எதற்கு மேலே இருக்கிறார்? அதனால் விவரம் தெரிந்தவர்கள் எந்த டிராஃப்டிலும் ஒரு ஓட்டை விட்டுத்தான் அனுப்புவோம். ஒரு எழுத்துப்பிழை, ஒரு தப்புத் தேதி, ஏதோ ஒன்று. சாகிப் அதைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் சுழித்து, நான் இல்லாவிட்டால் இந்த மதராசிகளுக்கு என்ன கதி என்ற திருப்தியோடு கையெழுத்துப் போடுவார். அப்பேர்ப்பட்ட நான், சொந்த அக்காள் மகள் கல்யாணமாயிற்றே, இதையாவது சுத்தமாக எழுதுவோம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

'ஐ இன்டெண்ட் டு அட்டெண்ட் மை நீஸஸ் மேரேஜ்' என்று எழுதினேன். அண்டர் செக்ரட்டரி மெஹ்ரோத்ரா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஓட்டையே இல்லை. மனுஷனுக்கு முகம் வாடிவிட்டது. கடைசியில் 'டு அட்டெண்ட்' என்பதை அடித்து 'அட்டெண்டிங்' என்று போட்டார். உன் ஆசை அதுதான் என்றால் அப்படியே ஆகட்டும் என்று புதிதாக டைப் அடித்துக் கொடுத்தேன். அது டெபுடி செக்ரட்டரி கங்கூலியிடம் போயிற்று. அவர் கல்கத்தாவில் இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவர், சும்மா விடுவாரா? 'அட்டெண்டிங்'கை அடித்து 'டு அட்டெண்ட்' போட்டு, உனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது யார் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அது எனக்கு எழுதியதல்ல, தமக்கு எழுதியது என்று மெஹ்ரோத்ரா எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்பதில்லை, என் லீவு ஃபைல்தான் இரண்டு அறைக்கும் நடுவே நாயாக அலைகிறது. நான் அகராதியைப் புரட்டினேன் அத்தான், இரண்டும் சரியாம். ஒன்று தப்பென்றால் ஒரே நாளில் முடிந்திருக்கும். இரண்டும் சரி என்பதால்தான் சண்டை ஓயவில்லை. நடுவில் ஹிந்திப் பிரிவிடம் கருத்துக் கேட்டார்கள். ஹிந்தியில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று அவர்கள் குறிப்பு எழுதித் திருப்பிவிட்டார்கள். வெள்ளைக்காரன் போயி அம்பது வருசம் ஆச்சு, அவன் பாஷைக்கு இவனுவ காவல் நின்னுக்கிட்டு எங்க அக்கா மக கல்யாணத்துல மண்ணள்ளிப் போடப் பாக்கானுவ, கேக்க நாதி இல்ல.

பவுனோ மார்க்கெட்டில் மதுமதிக்கும் மாப்பிள்ளைக்கும் ஸ்வெட்டர் வாங்கிப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டாள். பாளையங்கோட்டையில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டது ஒரு குற்றமா?

"ஒரு வரி எழுதி லீவு வாங்கத் துப்பில்ல, மாமன்னு மாலையத் தூக்கிட்டு நிக்கப் போறியளாக்கும்" என்றாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்று காலை பழைய விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன். இந்தத் தடவை யானை நுழைகிற ஓட்டை. பழைய 'டு அட்டெண்ட்' வரியை அப்படியே விட்டு, டிசம்பர் என்று வர வேண்டிய இடத்தில் ஜனவரி என்று அடித்துவைத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தூரத்திலிருந்தே பார்த்துச் சிரித்தார். மெஹ்ரோத்ரா படித்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார், சுழித்தார், முகம் மலர்ந்தது. கங்கூலி டூர் போயிருந்த புண்ணியத்தில் சாயங்காலமே ஆர்டரும் கவரில் வந்துவிட்டது. அதைப் பிரிப்பதற்கு முன்னால் தங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே ஏழாம் தேதி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கிளம்புகிறோம். யார் என்ன சொன்னாலும் முகூர்த்தத்தை ஒரு நிமிஷம்கூட மாற்ற வேண்டாம். அக்காளை அழாமல் இருக்கச் சொல்லுங்கள். மதுமதி மஞ்சள் குங்குமத்தோடு நிறைவாக வாழ இந்த மாமனின் ஆசி. பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
நல்லசிவம்

பி.கு. உறையை ஒட்டும் முன் ஆர்டரைப் பிரித்தேன். சாகிப் சுழித்தது 'டு அட்டெண்ட்' ஒன்றைத்தான். ஜனவரி ஜனவரியாகவே இருக்கிறது. லீவு ஜனவரி எட்டு முதல் பன்னிரண்டு வரை. லீவில்லாமல் கிளம்பினால் சர்வீஸ் முறிந்தது என்று பென்ஷனில் கை வைப்பார்கள். கையெழுத்தான ஆர்டரை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பம் எழுத வேண்டும், கங்கூலியும் நாளை வந்துவிடுகிறார். மார்கழியில் தாலி கட்டலாமா என்று ஜோசியரைக் கேட்டுப் பாருங்கள் அத்தான். அதுதான் சுலபம்.