கரடியின் பழைய வண்டிக்கு மாற்று இன்ஜின்

ஒரு காட்டில், தார்ச்சாலை போட்டு அதைத் தோண்டியும் முடித்துவிட்ட காலத்தில், மொக்கையன் என்றொரு கரடி இருந்தது. அதனிடம் அப்பா காலத்துப் பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. தேனடைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும். தான் குளிக்காத நாளில்கூட மொக்கையன் அந்த வண்டியைக் குளிப்பாட்டும்.

ஒருநாள் பாதி ஏற்றத்தில் இன்ஜின் உயிரை விட்டது. கியர் பாக்ஸும் கூடவே போனது. அந்த நேரம் பார்த்துப் புலிராஜாவின் உத்தரவும் வந்தது: வண்டிகளெல்லாம் மலையேறிக் குகை வாசலுக்கு வந்து காட்ட வேண்டும், ஏறாதது காயலான் கடைக்குப் போகும். மொக்கையன் அழுதது. கரடி அழுதால் பார்க்கச் சகிக்காது, இருந்தாலும் அழுதது.

காட்டில் இருந்த ஒரே மெக்கானிக் ஞானமுத்து என்ற குரங்கு. கை, கால், வால் எல்லாவற்றாலும் வேலை செய்யும். என்ன செய்கிறோம் என்று பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது. பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த லாரியிலிருந்து இன்ஜினையும், வேறொரு வேனிலிருந்து கியர் பாக்ஸையும் கழற்றி வந்தது. இரண்டுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. அறுத்து, பற்றவைத்து, சுத்தியலால் சமாதானம் பேசி, யானையை விட்டுத் தூக்கி உள்ளே இறக்கியது. கடைசியில் ஒரு கை நிறைய நட்டுகள் மிஞ்சின. கம்பெனிக்காரன் எப்போதும் கூடுதலாகத்தான் போடுவான் என்று சொல்லி, அவற்றை டப்பாவில் போட்டுக்கொண்டது.

வழக்கப்படி சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினார்கள். மொக்கையன் முதல் கியரைப் போட்டது. வண்டி பின்னால் போய் ஞானமுத்துவின் ஸ்டூலை நசுக்கியது. எலுமிச்சம்பழங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கியரில் இன்னும் வேகமாகப் பின்னால் போனது. நாலு கியரும் அப்படித்தான். ரிவர்ஸ் கியரைப் போட்டால் மட்டும் மெல்ல முன்னால் ஊர்ந்தது.

உள்ளே ஒரு பல்சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டோம் என்று ஞானமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. எந்த மெக்கானிக் அதை ஒப்புக்கொண்டிருக்கிறான்?

“அண்ணே, ஊருல எல்லா வண்டியும் பின்னால போக ஒரு கியர்தான். உங்களுக்கு நாலு இருக்கு.”

“எனக்கு முன்னாலதான்டா போகணும்.”

“அதுக்கும் ஒண்ணு இருக்குல்ல.”

மறுநாளே மலையேற வேண்டும். திரும்பக் கழற்றி மாட்ட நேரமில்லை. கரடி குலசாமியைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியது.

ராஜா உட்கார்ந்திருந்த குகை வாசலுக்கு முதலில் வந்தது மானின் வண்டி. ஒரு குறை சொல்ல முடியாது. ஏறியது, நின்றது, வளைந்து திரும்பி இறங்கிப் போனது. மற்றவையும் அப்படியே வந்து போயின. கடைசியாக மொக்கையன் ஊர்ந்து வந்து சேர்ந்த நொடியில், முன்னால் போக இருந்த அந்த ஒரே கியரும் பல் உடைந்து செத்தது.

பார்த்தது போதும், திருப்பிக்கொண்டு போ என்றது மந்திரி நரி. முன்னால் நகராத வண்டியை எப்படித் திருப்புவது? அப்பாவின் வண்டி இன்றோடு போச்சு என்று நினைத்தது மொக்கையன். ராஜாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு முதல் கியரைப் போட்டது. வண்டி பின்னால் இறங்கத் தொடங்கியது. கரடிக்குத் தடித்த கழுத்து, திரும்பாது. அதனால் வளைவு வரும்வரை ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இறங்கியது.

புலிராஜா எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“காலையிலிருந்து வந்தவனெல்லாம் எனக்கு முதுகைக் காட்டி, மூஞ்சியில புகையையும் விட்டுட்டுப் போனான். ராஜாகிட்ட எப்படி விடை வாங்கணும்னு இந்தக் கரடி ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சிருக்கு.”

மறுநாள் புது உத்தரவு வந்தது. இனி எல்லா வண்டியும் கரடியின் வண்டியைப் போலவே இருக்க வேண்டும். தன் வண்டியில் ஒரு குறையும் இல்லையே என்றது மான். அதுதான் குறை என்று சொல்லி, நரி அந்த வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பியது. ஞானமுத்து அரசவை மெக்கானிக் ஆனது. ஒவ்வொரு பல்சக்கரத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, தவறாக மாட்டியது.

மொக்கையன் பின்னாலேயே சந்தைக்குப் போய் வந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. ஒருநாள் ரகசியமாக ஞானமுத்துவிடம் வந்து, பல்சக்கரத்தைச் சரியாகத் திருப்பி மாட்டித் தரச் சொன்னது.

ஞானமுத்து அக்கம்பக்கம் பார்த்தது.

“மெதுவா பேசுங்கண்ணே. அது ராஜத்துரோகம்.”

நீதி: வண்டி பின்னால் போனால் குற்றமில்லை, ராஜாவைப் பார்த்தபடி போக வேண்டும்.