தலைநகருக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட்

தலைநகரைச் சுற்றிக் காட்டிவிட்டால் மகள் என்னிடமே தொடர்ந்து படிப்பாள் என்று முடிவு கட்டினேன். நான் கட்டும் முடிவை வீட்டில் யாரும் அவிழ்ப்பதில்லை. முடிச்சு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பெரிய காய்ச்சலில் விழுந்து பிழைத்த பிறகு அவளை நான் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஒரே மகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கிடந்த கிடப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவன். சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள். தலைமை ஆசிரியரும் நானே, மணி அடிப்பவனும் நானே. முதல் ரேங்க்கும் அவள்தான், கடைசி ரேங்க்கும் அவள்தான்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. ரயில் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே வரிசையில் நிற்க வைக்கிறவள். வீட்டில் அந்த வரிசை நான்தான்.

"டாக்டரே அவ நல்லாயிட்டான்னு சொல்லிட்டார். இன்னும் எத்தனை நாள் பொத்திப் பொத்தி வைப்பீங்க?"

"தலைநகருக்குக் கூட்டிட்டுப் போறேன். மியூசியம், பாராளுமன்றம் எல்லாம் காட்டி நானே பாடம் எடுக்கறேன். அப்புறம் அவளே சொல்லட்டும், வீடா பள்ளிக்கூடமான்னு."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"என் பேச்சு பேச்சுதான்."

"சரி, மூணு பேருக்கும் வெள்ளிக்கிழமை டிக்கெட் போடறேன். ஞாயித்துக்கிழமைன்னா ஒரே கூட்டமா இருக்கும்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் மியூசியம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள். நான் அசரவில்லை. ராஜாவின் சிம்மாசனத்தின் முன் நின்று பரம்பரை பரம்பரையாக விளக்கினேன். தொண்டை வறண்டு திரும்பினால் அங்கிருந்த காவலாளி மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மகளைக் காணோம்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஓடினேன்.

அடுத்த கூடத்தில் இருந்தாள். ஏதோ ஒரு பள்ளியின் வரிசையில் கடைசி ஆளாக, முன்னால் நின்ற பெண்ணின் தோளில் கைவைத்தபடி. டீச்சர் தலைகளை எண்ணினார். ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் மேஜையில் நான் பார்த்ததே இல்லை.

திரும்பும் ரயிலில் மனைவியைக் கேட்டேன்.

"இவ்வளவு பிள்ளைங்க வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"ஸ்கூல் டூருக்கெல்லாம் நான்தானே டிக்கெட் போடறேன். எல்லாம் வெள்ளிக்கிழமைதான்."

ஜன்னலோரம் இருந்த மகளிடம் திரும்பினேன். "சொல்லும்மா. வீடா, பள்ளிக்கூடமா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வீடுதாம்பா."

மனைவியை நான் ஒரு பார்வை பார்த்தேன். ஜெயித்தவன் பார்வை.

"ஏன்டா செல்லம்?"

"நான் போயிட்டா நீங்க தனியா உக்காந்து அழுவீங்களே."

இத்தனை நாளும் நான் அவளைப் பார்த்துக்கொள்வதாக நினைத்திருந்தேன். அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அழ மாட்டேம்மா. நீ போ," என்றேன், அழுதுகொண்டே.

மனைவி கைக்குட்டையை நீட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"தொடச்சுக்குங்க. உங்களைத் தனியா விடுவேனா? அச்சக முதலாளிகிட்ட போன வாரமே பேசிட்டேன். திங்கட்கிழமைலேருந்து நீங்க அங்கேயே போய் எல்லாரோடயும் உக்காந்து வேலை பாக்கணும்."

மகளுக்கு முன்பே எனக்கு அட்மிஷன் வாங்கிவிட்டிருந்தாள்.