குரு இன்கம்ப்ளீட்

உ
பச்சையம்மன் துணை

கச்சிராயபாளையம்,
ஆனி கடைசி வெள்ளி.

மதிப்புமிக்க கொழுந்தனார் வெங்கடேசன் தம்பி அவர்களுக்கு அண்ணி நிர்மலா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கு நான், உங்கள் அண்ணன், மகள் இசைவாணி மூவரும் சௌக்கியம். அதில் உங்கள் அண்ணன் மட்டும் தற்போது பூமியில் இல்லை. பதற வேண்டாம், விவரம் கீழே வருகிறது. தங்கச்சி தேவிப்ரியாவும் நீங்களும் சென்னையில் நலமாக இருக்க வேளைக்கு வேளை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் என்றால் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறீர்கள். நாலு வருஷமாக அந்த மீட்டிங் முடியவில்லை. லெட்டரை வைத்துவிட முடியாது, கிழிக்கத்தான் முடியும், கிழிப்பதற்கு முன்னால் யாராக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிடுவார்கள்.

ஆடி மூணாம் வெள்ளி நம்ம குலதெய்வத்துக்குப் பொங்கல். பங்காளிங்க ஆளுக்கு ஒரு பிடி அரிசி போட்டாத்தான் பானை அடுப்பில் ஏறும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்க பிடி விழாமல் நாலு வருஷமா நாங்க போய் சூடம் ஏத்திட்டு, கட்டிக்கினு போன புளிசாதத்தைத் தின்னுட்டு வர்றோம். பூசாரி கண்ணாயிரம் போன தடவை மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டார், "ஏம்மா, பானைய கழுவிக் கவுக்கறதுக்கா என்னை மலையடிவாரத்துக்கு இழுக்கறீங்க?"ன்னு. காரணம் ஊருக்கே தெரியும். இசைவாணி காதணி விழாப் பத்திரிகையில தாய்மாமன் பேரு கொட்டை எழுத்துல இருந்துது, பந்தல்காரர் பேரு இருந்துது, சமையல்காரர் பேரு செல் நம்பரோட இருந்துது. சித்தப்பா பேரு இல்ல. உங்க அண்ணன் இன்னிக்கு வரைக்கும் அச்சாபீஸ்காரன் தப்புங்கறார். எழுதிக் கொடுத்தது யாரு, அச்சாபீஸ்காரனா? "தப்பு என்னுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நீங்களும்தான் பந்தி முடியற வரைக்கும் பொறுத்திருக்கலாம், எலை போட்ட பிறகு எழுந்து போனீங்க. சரி, அதை விடுங்க.

இப்ப அவர் பூமியில் இல்லாத விஷயத்துக்கு வரேன். வைகாசியில பம்புசெட்டுகிட்ட வழுக்கி வலது காலு முறிஞ்சுது, மாவுக்கட்டு. கரும்புக்குத் தண்ணி கட்ட ஆள் வெச்சாச்சு, மனுஷன் வூட்டுல உக்காந்து பழக்கமில்லாதவரு, பல்லிய எண்ணிக்கினு கிடந்தாரு. பாவமேன்னு இசைவாணியோட கம்ப்யூட்டரைப் பக்கத்துல வெச்சேன், பக்திப் பாட்டு கேக்கட்டும்னு. அவரு கேட்டது வேற. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர்ல ஒரே நாற்காலியில ஆளுக்குப் பாதி உக்காந்து ஆடுவீங்களாமே, விண்கப்பல் ஆட்டம், அது மூணு பாகமும் இப்ப புதுசா மெருகு போட்டு வந்துருக்குதாம். அன்னியிலேர்ந்து எங்க வூட்டுல ராகு காலமும் இல்ல, எமகண்டமும் இல்ல. "ஏங்க, சோறு ஆறுது"ன்னா, "இருடி, சனி கிரகத்த தாண்டிட்டு வரேன்"றாரு. ஏழரைச் சனியையே இன்னும் தாண்டலை இவரு! கணக்கு நோட்டுல கரண்டு செலவை 'வீடு'ன்னு எழுதறதா 'வானம்'னு எழுதறதான்னு எனக்கே குழப்பம்.

நானும் பக்கத்துல பூ கட்டிக்கினு பாக்க ஆரம்பிச்சேன். தப்பா நினைக்காதீங்க, எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, எட்டாவதோட நின்னவளுக்கு ஒரு பாடமாச்சேன்னுதான். கப்பல்ல ஒரு டாக்டரம்மா இருக்கா, நாலு கை. முதல் நாள் பாத்ததும் என்னையறியாம கன்னத்துல போட்டுக்கினேன். இன்னொருத்தன் உடும்புத்தலையன், பீரங்கி அவன் பொறுப்பு, வாய் கம்மி, விசுவாசம் ஜாஸ்தி. முதல் பாகத்துல கேப்டனுக்கு, அதாவது உங்க அண்ணனுக்கு, வர்ற குண்டை அவன்தான் முதுகுல வாங்குனான்.

மூணாம் பாகத்துக் கடைசிச் சண்டைக்குப் போற நேரத்துல கப்பல் கிளம்பவே மாட்டேனுட்டுது. செவப்பு எழுத்துல ஒண்ணு வந்து நின்னுது. எழுத்துக்கூட்டிப் படிச்சேன், 'குரு இன்கம்ப்ளீட்'. கட்டிக்கினு இருந்த பூவை அப்படியே போட்டுட்டு எழுந்துட்டேன். இவரு ராசிக்கு இந்த வருஷம் குரு சரியில்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும், ஆனா அது கம்ப்யூட்டருக்கும் தெரியும்னு தெரியாது. வியாழக்கிழமை தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்தி, மஞ்சள் துணி கட்டி, விளக்கேத்திட்டு வந்து பாத்தா, அதே செவப்பு எழுத்து. "பரிகாரம் பண்ணியும் நகரலியே"ன்னேன். அவரு சிரிச்ச சிரிப்புல மாவுக்கட்டு விரிசல் விடாதது அம்மன் செயல். "அடியே, அது குரு இல்லடி, குரூ! கப்பல்ல இருக்கற ஆளுங்க. ஒருத்தன் கொறையறான், அதான் கெளம்பல."

கொறைஞ்சது உடும்புத்தலையன். ரெண்டாம் பாகத்துல எல்லாருக்கும் பதக்கம் குடுக்கச் சொல்லி கேப்டனைப் பேர் கேட்டுச்சாம், இவரு அவன் பேர விட்டுட்டாரு. பேர விடறது இவருக்கு வழக்கம்தானே. அந்த ஆட்டத்துல ஒரு பாகத்துல செஞ்சது அடுத்த பாகத்துக்குக் கூடவே வருது, பூர்வ ஜென்ம வினை மாதிரி. அவன் கோவிச்சுக்கினு ஏதோ ஒரு கிரகத்துல போய் உக்காந்துட்டான். தேடிப் போனா, கேப்டன் சொல்றதுக்கு மூணு பதில் குடுக்குது. முதலாவது, 'நான் கேப்டன், என்னைக் கேக்க நீ யாரு'. ரெண்டாவது, 'அது எழுத்தர் செஞ்ச பிழை'. மூணாவது, 'தப்பு என்னுது, வா'. இவரு எதை அமுக்கனாருன்னு நினைக்கறீங்க? ரெண்டாவதை! அச்சாபீஸ்காரன் வானத்துலயும் தப்பிக்கல. உடும்புத்தலையன் வால ஆட்டிக்கினு போயிட்டான். ஆட்டத்தைப் பின்னாடி ஓட்டி முதலாவதை அமுக்கனாரு, அவன் காறித் துப்பிட்டான். ஒரு வாரம் இதே கதை.

நேத்து சாயந்திரம்தான் தம்பி, அவரா மனசு எறங்கி மூணாவதை அமுக்கனாரு. கண்ணு கலங்கிப்போச்சு. அந்த உடும்புத்தலையன் மூட்டையத் தூக்கிக்கினு கப்பல்ல ஏறிட்டான். பொறந்த பொறப்புகிட்ட வராத வார்த்தை ஒரு உடும்புகிட்ட வந்துருச்சு. அவரு மனசு பழுத்தாச்சு தம்பி. இனிமே நீங்கதான். உடும்புக்கு இருக்கற பெருந்தன்மை உங்களுக்கு இல்லாமயா போயிடும்? ஆடி மூணாம் வெள்ளி ஒரு பிடி அரிசியோட வந்து நில்லுங்க.

தேவிப்ரியாவுக்கு என் அன்பு. அம்மன் உங்கள் இருவருக்கும் நிறைந்த ஆயுசும், சீக்கிரம் முடிகிற மீட்டிங்குகளும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி
ப. நிர்மலா

பி.கு: ஒட்டின கவரைக் கிழிச்சு இதை எழுதுறேன். விளக்கேத்தறப்ப அம்மன் மூஞ்சியப் பாக்க முடியல. மூணாவதை அமுக்கனது அவரு இல்ல, நான். அவரு கட்டை ஊனிக்கினு கொல்லைக்குப் போன நேரம் பாத்து அமுக்கனேன். கண்ணு கலங்கனது நெஜம், ஆனா அது நான் மொளகா தாளிச்ச நெடி. திரும்பி வந்து பாத்தாரு, உடும்பு கப்பல்ல நிக்கறான். "யாரு அமுக்கனது?"ன்னாரு. "கரண்டு போயிட்டு வந்துது"ன்னேன். எதுக்கெடுத்தாலும் ஆட்டத்தைப் பின்னாடி ஓட்டி மாத்தற மனுஷன், அத மட்டும் மாத்தல. அப்படியே சேவ் பண்ணாரு. இப்ப இந்தப் புதுக் கவரை என் கையிலேர்ந்து வாங்குனாரு, இன்னா எழுதியிருக்கேன்னு கேக்கல. கவர் மேல உங்க பேரைப் பாருங்க தம்பி, அது என் கையெழுத்து இல்ல.